முதலைத் தொடாதே

காமாட்சி துணை

பெரிய காஞ்சிபுரம்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் அபிநயாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்காலும் இந்த வாரம் நலம், மாடியில் காயப் போட்ட வடகம் மட்டும் நேற்றைய மழையில் நலம் கெட்டுக் கிடக்கிறது. உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் உன் நலத்தில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் மீதிப் பாதியை உன் வாயால் அறியத்தான் ஆவல். தினம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், பதில் சொல்ல முடியாத இடம் வந்தால் நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் அந்த வித்தை செல்லாது. இட்லிப் பொடி டப்பாவுக்கும் புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கும் நடுவில் இதை வைத்து டப்ளினுக்கு அனுப்புகிறேன், பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஜன்னல் ஓரத்தில் போட்டுவிடாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வேலை போய் நாலு மாதம் ஆகிறது. நாலு மாதமும் உன் சேமிப்பை உடைத்து எங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். இது எனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும், தெரியும் என்பது உனக்குத்தான் தெரியாது. ஷாரோன் சொன்னாளா என்று அவளோடு சண்டைக்குப் போகாதே. உன்னோடு பள்ளியில் படித்து, இன்றைக்கு அங்கே நர்ஸாக இருந்துகொண்டு உன்னோடு ஒரே வீட்டில் வாடகை கொடுக்கிறவள், நீ எத்தனை நாள் இரண்டு வேளை ஓட்ஸ் குடித்தாய் என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க ஆன்ட்டி என்று கேட்டுக்கொண்டாள், ஆகையால் அவள் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது என்பதுதான் உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்தப் பெண்ணைத் தூங்க விடமாட்டாய்.

உன்னை வயிற்றில் சுமப்பதற்கு முன்பிருந்தே, முப்பத்தோரு வருஷமாக நான் அஞ்சலகச் சேமிப்பு ஏஜென்ட். தோளில் பையும் கையில் குடையுமாக வீடு வீடாகப் போய் மாதத் தவணை வாங்கிக் கட்டுகிறவள். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. சம்பளம் வரும் வீட்டில் எனக்கு மரியாதையே கிடையாது. அடுப்பில் பால் இருக்குது, அப்புறம் வாக்கா என்று கதவிடுக்கில் பணத்தை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என்றைக்கு ஒரு வீட்டில் வாங்கக்கா, உக்காருங்க, காபி சாப்பிட்டுப் போங்க, உங்க பொண்ணு எப்படி இருக்குது என்று உபசாரம் நடக்கிறதோ அன்றைக்கு அந்த வீட்டில் வேலை நின்றுவிட்டது, தவணை வராது என்று அர்த்தம். முப்பத்தோரு வருஷத்தில் இது ஒரு தடவை கூடத் தவறியதில்லை. முன்பெல்லாம் நீ மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசினதுண்டா? மீட்டிங் இருக்குதும்மா, வெக்கிறேன் என்பாய். இந்த நாலு மாதமாக எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதா, அப்பா சேலைக்குப் புது டிசைன் என்ன வரைகிறார், மோரில் கடுகு தாளிப்பதா சீரகம் தாளிப்பதா என்று ஒரு மணி நேரம் பேசுகிறாய். எனக்குக் காபி கொடுக்கிறாய், அபி. அது போதாதென்று பணம். முன்பு ஒன்றாம் தேதி சாயங்காலம் முந்நூறு யூரோ அனுப்புவாய், அது இங்கே வந்து சேரும்போது மாதத்துக்கு ஒரு கோணல் எண்ணாக நிற்கும். இப்போது ஏழாம் தேதி, எட்டாம் தேதி என்று இழுத்து, சரியாக இருபத்தைந்தாயிரம் ரூபாய் வருகிறது. சம்பளத்திலிருந்து எடுக்கிறவள் இப்படி வெட்டி ஒட்டி அனுப்பமாட்டாள், இருப்பிலிருந்து எடுக்கிறவள்தான் ரூபாய்க்கு ரூபாய் பார்ப்பாள். சந்தேகம் உறுதியான பிறகும், நீயாகச் சொல்லட்டும் என்று அப்பாவும் நானும் ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அவர் வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இதற்கு மேலும் காத்திருந்திருப்பேன், போன புதன்கிழமை சர்வதீர்த்தக் குளத்தில் முதலை வராமல் இருந்திருந்தால். அந்தக் கதையை நீ பேப்பரில் பார்த்திருக்கமாட்டாய், உள்ளூர் கேபிளில்தான் வந்தது. அந்த முதலையைக் கொண்டு வந்தவள் உன் அம்மாதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன தீபாவளிக்குப் பிறகு என்னிடம் தவணை கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். வட்டி குறையப் போகுதாமே, தங்கம் ஏறிக்கினே போகுதே, தங்கம் ஏறினா ஜரிகை ஏறும், ஜரிகை ஏறினா சேலை நிக்கும், அறுபது வயசுக்கு மேல எங்களுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று. தறிக்காரருக்கும் இட்லிக் கடைக்காரிக்கும் ஆட்டோக்காரருக்கும் ஐம்பத்தெட்டில் மாலை போட்டு அனுப்பிப் பென்ஷன் கொடுக்க யாரும் இல்லை. சரி, தெரிந்ததைச் சொல்வோம் என்று போனில் ஒரு குழு ஆரம்பித்தேன், பெயர் அறுபதுக்கு அப்புறம், நாற்பத்து மூன்று பேர். மாதம் ஒரு நாள் குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து பேசுவோம். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. கை நின்றுபோனால் மாதம் என்ன செலவாகும் என்று ஒரு காகிதத்தில் எழுதச் சொல்வேன், ஒரு வருஷச் செலவை மட்டும் சட்டென்று எடுக்கிற மாதிரி வைக்கச் சொல்வேன், ஆஸ்பத்திரிக்கென்று தனியாக, மீதியை இரண்டு மூன்று இடத்தில், பிள்ளைகள் கேட்டாலும் மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்காதே, மாத வட்டி வருகிற கணக்கில் போட்ட முதலைத் தொடாதே, இவ்வளவுதான் என் பாடம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் காற்று வாங்க வருகிறவர்கள்.

இப்படி இருக்கையில் ஒரு கோட்டுக்காரன் ஊருக்குள் வந்தான். எந்தக் கம்பெனியோ, நேற்று முளைத்தது, பெயரே வாயில் நுழையவில்லை. அஞ்சலகத்தில் போட்டிருப்பதை உடைத்து எங்களிடம் கொடுங்கள், லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் தருகிறோம் என்று ஐயம்பேட்டை வரைக்கும் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறான். ஷாரோனின் அம்மா பட்டம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் தவணைக்குப் போனபோது இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே சொல்கிறாள், இன்னாக்கா நீ, ரெண்டு லட்சத்துக்குப் போஸ்டாபீஸ்ல மாசம் ஆயிரத்திச் சொச்சம் தர்றாங்கோ, இவரு ஆறாயிரம் தர்றேன்றாரு, நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குளத்தங்கரைல பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினு ரசீது குடுப்பாராம், நாளைக்கு இட்லிச் சட்டியத் தூக்க முடியாமப் போச்சுன்னா ஷாரோன் கையையே பாத்துக்கினு குந்தியிருக்கச் சொல்றியா என்று. அவள் கேட்டதில் தப்பில்லை, அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அந்த இரண்டு லட்சத்தை அவள் எப்படிச் சேர்த்தாள் என்று எனக்குத் தெரியும், சித்தாள் வேலைக்குப் போன காலத்திலிருந்து ஒவ்வொரு தவணையையும் என் கையால்தான் வாங்கினேன். எவ்வளவு சொல்லியும் தலையை ஆட்டினாளே தவிர மனசு மாறவில்லை. இன்னும் எத்தனை பேர் மாட்டப் போகிறார்களோ என்று பதறிப் போய், திரும்பி வருகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே குழுவில் செய்தி போட்டேன். கண்ணாடி எடுக்கவில்லை, அதனால் வாயால் சொன்னேன், போன் தானே எழுதிக்கொண்டது. நான் சொன்னது இது: அவசரம், யாரும் முதலைத் தொடாதீர்கள், கை வைத்தால் போனதுதான், திரும்பி வராது, நாளைக் காலை பத்து மணிக்குக் குளத்தங்கரைக்கு வாருங்கள், நேரில் விளக்குகிறேன்.

போன் எழுதியது, முதலை தொடாதீர்கள். ஒரே ஒரு த். அந்த எழுத்து ஷேர் ஆட்டோவின் குலுக்கலில் எங்கேயோ விழுந்துவிட்டது. நம் குழுவில் யாரோ புண்ணியவான் அதைத் தன் தெருக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார், அங்கிருந்து அது பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவுக்குப் போய், அங்கே ஒருவர் வாயைப் பிளந்த முதலைப் படம் ஒன்றைச் சேர்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பெரிய காஞ்சிபுரம் முழுக்கச் சர்வதீர்த்தக் குளத்தில் முதலை, ஒருவர் கை போய்விட்டது, கை திரும்பி வரவில்லை என்று ஆகிவிட்டது. இது எதுவும் தெரியாமல் நான் ஒன்பது மணிக்கே போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பையும் குடையுமாகக் குளத்தங்கரைக்குப் போகிறேன், கூட்டமென்றால் கூட்டம், முந்நூறு பேருக்குக் குறையாது. டீக்கடையில் கிளாஸ் தீர்ந்துபோய்ப் பேப்பர் கப்பில் ஊற்றுகிறார்கள், கேபிள் டிவிக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், இரண்டு போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் நெஞ்சு எப்படிப் பூரித்தது என்று சொல்லி முடியாது, அபி. முப்பத்தோரு வருஷம் கத்தினதற்குக் கடைசியில் பலன் கிடைத்துவிட்டது, வயதான காலத்து வருமானத்தைப் பற்றிக் கேட்க இந்த ஊர் திரண்டு வந்துவிட்டது என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போலீஸ் பாதுகாப்பு வேறு. மேல்படியில் ஏறி நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். யாரும் பயப்படாதீங்க, முதல அப்படியே விட்டுடுங்க, நாம கை வைக்காம இருந்தா அது பாட்டுக்கு மாசாமாசம் குட்டி போட்டுக்கினே இருக்கும் என்றேன். கூட்டம் மொத்தமாக இரண்டடி பின்னால் போனது. சரி, நன்றாகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வனத்துறையிலிருந்து நீளக் கழியோடு ஒரு அம்மா வந்திருந்தார், அவர் என் பக்கத்தில் வந்து, எத்தினி நாளா இருக்குதுமா என்று மரியாதையாகக் கேட்டார். அஞ்சு வருஷம் ஆவுது மேடம், கொஞ்சம் கொஞ்சமா போட்டு வளர்த்தது என்றேன். யாரு வளர்த்தது என்றார். இதோ, இந்தப் பட்டம்மா மாதிரி ஆளுங்கதான், வாயக் கட்டி வயித்தக் கட்டி வளர்த்தாங்கோ என்று முன்வரிசையில் நின்ற பட்டம்மாளைக் கை காட்டினேன். முந்நூறு தலையும் அவள் பக்கம் திரும்பியது, போலீஸ்காரர் நோட்டை எடுத்து, உன் பேரு இன்னாமா, எங்க வெச்சி வளர்த்த என்கிறார். பாவம், அவள் ஆடிப்போய், ஐயோ சார், நான் இட்லிதான் சார் வித்துக்கினு இருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் இந்த அக்காதான் என்று என்னைக் கை காட்டுகிறாள். கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற கோதண்டபாணி அந்த நேரம் பார்த்து, நான் கண்ணால பார்த்தேன், முதுகு பச்சையா இருந்துது, எட்டடி இருக்கும் என்று சாட்சி சொல்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கோதண்டபாணியின் சேமிப்பில் எட்டடியாக எதுவும் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

காப்பாற்றியவர் உன் தமிழ் வாத்தியார் குப்புசாமி ஐயாதான். நாற்பத்து மூன்று பேரில் செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர், அவர் வந்ததும் முதலையைப் பார்க்க இல்லை, என்னைத் திருத்த. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்மா வேணி, முதல் கூட்டல் ஐ, முதலைத் தொடாதே, நடுவுல த் எங்க என்று அவ்வளவு பேர் முன்னால் கேட்டார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது, போலீஸ்காரருக்கு விளங்கியது, வனத்துறை அம்மா கழியை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கேமராக்காரருக்கும் விளங்கியது. குளத்தில் பச்சையாக மிதந்தது வாழைமரத்துண்டு. வந்த கூட்டம் திட்டிவிட்டுக் கலையும் என்று பார்த்தேன், அதுதான் இல்லை. வந்ததுதான் வந்தோம் என்று பாதிப் பேர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கோட்டுக்காரன் தன் ரசீதுக் கட்டோடு பத்து மணிக்கு வந்திருக்கிறான், கூட்டத்தையும் கயிற்றையும் போலீஸையும் பார்த்தவன் தனக்காகத்தான் இத்தனையும் என்று நினைத்து வந்த வழியே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவில்லை. பட்டம்மாளின் இரண்டு லட்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் இட்லி கொடுத்தனுப்பினாள். கோதண்டபாணி மட்டும் இன்றுவரை பார்த்தேன் என்கிறார்.

இவ்வளவு சிரிப்போடு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் மணியடித்தது, பாங்க் செய்தி, இருபத்தைந்தாயிரம், உன்னிடமிருந்து. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, அபி. ஊரைக் கூட்டி வைத்து முதலைத் தொடாதே முதலைத் தொடாதே என்று தொண்டை கட்டக் கத்திவிட்டு வருகிறேன், என் பெண் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு எனக்காகத் தன் முதலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறாள். சமையலறைக்குப் போய் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. உன் அப்பா வாசற்படியில் வந்து நின்று, அவ பென்ஷன் அனுப்பிக்கினு இருக்குறா வேணி, எனக்குப் பென்ஷன் வேணாம், பொண்ணுதான் வேணும் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே உருப்படியானது அதுதான், எழுதி அனுப்பு என்று அவரேதான் சொன்னார்.

போன வருஷம் நீ சொன்னாய், நான்தாம்மா உங்க பென்ஷன், நீ வெயிலில் அலையாதே, அப்பாவை டிசைன் வரைகிற கிராப் தாளை மூடச் சொல்லு என்று. கேட்க இனிப்பாக இருந்தது, இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, அது என் தப்பு. ஏஜென்டாக இருந்தால் உடனே சொல்லியிருப்பேன், ஒரே இடத்தில் மொத்தத்தையும் போடாதே என்று, ஒரே பெண்ணின் மேல் போடலாமா. அப்போது நீ அனுப்பிய எக்ஸெல் தாள் நினைவிருக்கிறதா, அதில் எத்தனை வயது வரை வாழ்வீர்கள் என்று ஒரு கட்டம் இருந்ததே. உன் அப்பா தனக்குத் தொண்ணூற்றிரண்டு என்றும் எனக்கு எழுபது என்றும் போட்டார். ஏன் என்று கேட்டால், உனக்குச் சர்க்கரை இருக்குதே என்கிறார். எனக்கப்புறம் பதினேழு வருஷமா, யாரு சமைச்சிப் போடுவா என்று கேட்டதும் சத்தமில்லாமல் என்னுடையதைத் தொண்ணூறு ஆக்கினார். அவர் வயது அறுபத்து மூன்று, என் வயது ஐம்பத்தெட்டு, கட்டத்தில் போட்டது எனக்குத் தொண்ணூறு, இவ்வளவு நீளத்துக்கு உன்னை மட்டும் நம்பி உட்காரும் அளவுக்கு உன் அம்மா அசடு இல்லை. வீடு நம்முடையது, அதன் மேல் ஒரு பைசா கடன் இல்லை. மூத்த குடிமக்கள் திட்டத்தில் அப்பா பெயரில் இருப்பதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வருகிறது, நெசவாளர் பென்ஷன் கொஞ்சம் வருகிறது, என் கமிஷன் இருக்கிறது. அவர் தறியை விட்டிறங்கிப் பார்டர் டிசைன் வரைய ஆரம்பித்து எட்டு வருஷம், ஒரு மாதம் மூன்று டிசைன் கேட்பார்கள், ஒரு மாதம் எட்டிப் பார்க்கமாட்டார்கள், அந்த மாதத்துக்கென்றுதான் ஒரு வருஷச் செலவு தனியாகக் கிடக்கிறது. இன்ஷூரன்ஸும் புதுப்பித்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேதி தள்ளிப்போன முதல் மாதமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டதால் நீ அனுப்பியதில் ஒரு ரூபாய்கூட நாங்கள் எடுக்கவில்லை. நாலு மாதம் உன் பணம் இல்லாமல் வாழ்ந்து பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. சிக்கனமாக இருப்போம் என்று உன் அப்பா இரண்டு பேப்பரில் ஒன்றை நிறுத்தினார், நிறுத்திய பேப்பரைப் படிக்கச் சலூனுக்குப் போகிறார், சும்மா உட்கார வெட்கப்பட்டு வாரத்துக்கு மூன்று தடவை ஷேவ் செய்துகொள்கிறார், பேப்பரில் மிச்சம் பிடித்தது முகத்தில் போகிறது. எங்களுக்கு வந்த பெரிய கஷ்டம் இதுதான்.

இனி அம்மா சொல்வதைக் கேள். அடுத்த மாதத்திலிருந்து பணம் அனுப்பாதே. அங்கே வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுப்பது வாடகைக்கே சரியாகப் போகிறது என்று அவள் சொன்னதாக நான் சொல்லாத ஷாரோன் சொன்னாள், அதனால் ஓட்ஸை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டு சோறு பொங்கிச் சாப்பிடு. வேலை போனதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, முந்நூறு பேரை ஒரே நாளில் அனுப்பினார்களாமே, முந்நூறு பேருமா சரியாக வேலை செய்யவில்லை. முதல் என்று ஒன்றை எதற்கு வைக்கச் சொல்கிறேன், கை நிற்கிற நாளில் சோறு போடத்தான். கை அறுபதில்தான் நிற்கும் என்று நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், இருபத்தொன்பதிலும் கொஞ்ச நாள் நிற்கும் என்று உன்னால்தான் தெரிந்துகொண்டேன், அடுத்த கூட்டத்தில் அதையும் சொல்லப் போகிறேன், உன் பெயரைச் சொல்லமாட்டேன். உன் கை நின்றிருக்கும்போது உன் முதல் உனக்குத்தான் சோறு போட வேண்டும், எங்களுக்கு இல்லை. நீ அனுப்பிய நாலு மாதப் பணம் ஒரு லட்சத்தையும் வெள்ளிக்கிழமை இங்கே பாங்கில் இருக்கும் உன் கணக்கிலேயே திரும்பக் கட்டிவிட்டேன். கோபப்படுவாய் என்று தெரியும். கோபப்படு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு நன்றாகச் சண்டை போடு, எனக்குக் காபி மட்டும் இனிமேல் கொடுக்காதே. அங்கே முடியவில்லை, கொஞ்ச நாள் வந்து இருக்க வேண்டும்போல் இருந்தால் வந்துவிடு, ஏன் வந்தாய் என்று கேட்கிறவர்களைக் குளத்தங்கரைக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறேன்.

காமாட்சி உன்னைக் கைவிடமாட்டாள், வெள்ளிக்கிழமை உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன், பிரசாதக் குங்குமம் சின்னப் பொட்டலமாக டப்பா மூடிக்குள் இருக்கிறது. நல்ல வேலை கிடைத்து, கதவிடுக்கில் பணத்தை நீட்டிவிட்டு மூன்று நிமிஷத்தில் போனை வைக்கிற என் பழைய பெண்ணாக நீ சீக்கிரம் ஆக வேண்டும். ஷாரோனுக்கும் பொடியில் பாதி கொடு.

மறக்காமல் இதையும் பார். உன் அப்பா மயிலையும் அன்னத்தையும் தள்ளி வைத்துவிட்டுக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக ஒரு முதலை வரைந்து கொடுத்திருக்கிறார், இந்தக் கடிதத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன். வாயை நன்றாகப் பிளந்துகொண்டிருக்கும், உள்ளே பாங்க் ரசீதைக் குண்டூசியால் குத்தியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் தொடாதே என்கிறவள் உனக்கு மட்டும் சொல்கிறேன், தைரியமாகக் கையை விட்டு எடுத்துக்கொள். இது நம் வீட்டு முதலை, உன்னைக் கடிக்காது.

இப்படிக்கு,
இந்த முறை எல்லா ஒற்றையும் சரிபார்த்துவிட்ட
உன் அம்மா கமலவேணி